சொல் விளங்காத பாட்டுகள்

தமிழ்ப் பாட்டு எழுதுகிறவர்களுக்குக் குழந்தையை விட்டால் வேறு பேச்சே கிடையாது என்பது எனக்கு அந்தக் கிழமை, அந்த ஒரு வாரத்துக்குள்தான் தெரிய வந்தது. காதலியைக் கொஞ்சினாலும் குழந்தை என்கிறார்கள். மழை பெய்தாலும் தாய்மடி என்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் பறக்கிறவன் பாடுகிற பாட்டில்கூட இரண்டாவது சரணத்தில் எங்கிருந்தோ ஒரு தொட்டில் வந்து ஆடுகிறது. வேறு நாளில் என்றால் இதையெல்லாம் கவனித்திருக்கவே மாட்டேன். பாட்டென்றால் எனக்குத் தாளத்தில் அடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழமை ஒவ்வொரு பாட்டையும் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை, அரிசியில் கல் பொறுக்குகிறவன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் கீர்த்தனிக்காக. என் மனைவி. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி எங்களுக்கு ஒரு பிள்ளை பிறக்க இருந்தது. எட்டாம் மாதம் முடிகிற நேரத்தில் வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுவிட்டது. பெண் பிள்ளை. அவசரமாக மயக்க மருந்து கொடுத்து வயிற்றை வெட்டி எடுத்தார்கள். கீர்த்தனி கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை. நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவளுக்கு வேலை. லீவு முடிய இருந்தது. வருகிற திங்கட்கிழமை போயே ஆக வேண்டும். "நான் வேலையை விடப் போறன்" என்று ஒரு நாள் காலையில், சீனி முடிந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். ஏன் என்று கேட்டேன்.

"வயித்தோட திரிஞ்சதை எல்லாரும் கண்டவை. பஸ்ஸில கேப்பினம், கன்ரீனில கேப்பினம், கடிதம் கொண்டு வாற ஆக்களும் கேப்பினம். பிள்ளை எப்பிடி, ஆரோட விட்டிட்டு வந்தனீங்கள் எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது?"

பதில் இல்லாத இடத்தில் நான் வழக்கமாகக் கோபப்படுகிறவன். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

நிப்றாஸ்தான் வழி சொன்னான். தொழில்நுட்பக் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன், இப்போது குடாவுக்கு அந்தப் பக்கம் கிண்ணியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான், ஒரு வான் வண்டியும் இருக்கிறது. அவன் மனைவி சுஹைரா மணப்பெண் உடுப்புத் தைக்கிறவர். "சனிக்கிழமை பின்னேரம் நாங்க நாலு பேரும் வெளிய போவம் மச்சான். பாலத்தால கிண்ணியாவுக்குப் போய், கடற்கரையில பாயைப் போட்டு இருந்து, புரியாணி திண்டிட்டு வருவம். ஒரு நாள் வெளிய வந்தாப் போதும். மறுகா எல்லாம் தானா வரும்" என்றான்.

அவள் மாட்டேன் என்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அவள் "பாட்டுப் போடுவினமோ?" என்று கேட்டாள்.

"போடுவம்."

"அப்ப நல்ல சத்தமாப் போடச் சொல்லுங்கோ. இடையில நிப்பாட்டக் கூடாது. எனக்கு ஒருத்தரோடையும் கதைக்க ஏலாது."

அதுதான் உத்தரவு. போகும்போதும் வரும்போதும், கடற்கரையில் இருக்கும்போதும், இடைவெளி விடாமல் பாட்டு ஓட வேண்டும். ஒரு பாட்டிலும் பிள்ளை வரக் கூடாது. அவள் ஒரு முழுப் பின்னேரம் மனிதர்களுக்கு நடுவில் இருந்துவிட்டாளானால் திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போய்விடுவாள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். கணக்கு சரியோ பிழையோ, அதைத் தவிர என் கையில் வேறொன்றும் இருக்கவில்லை.

முதலில் அவளுக்குப் பிடித்த பாட்டுகளை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்பு எனக்கு அனுப்பியவை, சமைக்கும்போது முணுமுணுப்பவை. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகக் கழிந்தன. எஞ்சியவை மூன்று. ஒன்று குடிகாரன் பாடுவது, ஒன்று கிரிக்கெட் பாட்டு, மற்றது பழைய தேர்தலில் யாரோ ஒரு வேட்பாளருக்குப் போட்ட பிரசாரப் பாட்டு. இந்த மூன்றையும் நிப்றாஸுக்கு அனுப்பினேன். "மச்சான், இதைப் போட்டுக்கொண்டு பாலத்தால போனா பொலிஸ் மறிக்கும்" என்று பதில் அனுப்பினான்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோகிற லோஞ்சுப் படகில் எஞ்சின் பார்க்கிறவன். புதன்கிழமை ஒரு பிலிப்பைன்ஸ் சமையற்காரரைக் கப்பலில் இருந்து கரைக்கு ஏற்றி வந்தோம். மனிதர் ஊருக்குப் போகிற சந்தோசத்தில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போனில் ஒரு பாட்டைப் போட்டுக் கூடவே பாடிக்கொண்டு வந்தார். எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காததாலேயே மனம் கொஞ்சம் ஆறியிருந்ததை இறங்குதுறை ஜெட்டிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கவனித்தேன். அப்போதுதான் மூளை வேலை செய்தது. சொல் விளங்கினால்தானே சிக்கல்.

அன்றில் இருந்து லோஞ்சில் கால் வைத்த ஒருவரையும் விடவில்லை. சமையற்காரர் நாலு பாட்டுத் தந்தார். துருக்கிக்காரர் ஒருவர், கப்பலில் இரண்டாவது எஞ்சினியர், மூன்று தந்துவிட்டுப் பதிலுக்கு என்னிடம் ஒன்று கேட்டார். கைக்கு அகப்பட்டது அந்தத் தேர்தல் பாட்டுத்தான். மனிதருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. இப்போது எந்தக் கடலில் அந்த வேட்பாளருக்கு வாக்குக் கேட்டுக்கொண்டு போகிறாரோ தெரியாது.

பாலையூற்றில் இருந்து வருகிற வெல்டர் றொசைரோ, பழைய போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கியர். அவர்கள் கலியாண வீடுகளில் வயலின் வைத்து ஆடுகிற கபரிஞ்ஞாப் பாட்டு இரண்டு தந்தார். பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று எதற்கும் கேட்டு வைத்தேன். "எங்களுக்கே பாதி விளங்காது தம்பி. ஆடத்தான் தெரியும்" என்றார். அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை. நிப்றாஸ் தன் பங்குக்குப் பழைய இந்திப் பாட்டுகளும் எகிப்துக்காரி ஒருத்தி பாடிய நீண்ட பாட்டொன்றும் அனுப்பினான். அது முடிவதற்குள் கிண்ணியாவுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்பியே வந்துவிடலாம்.

நடுவில் ஆறுதலாக ஒன்றிரண்டு தேவைப்பட்டன. எங்கள் லோஞ்சில் புதிதாகச் சேர்ந்த சமீரவிடம் கேட்டேன். கந்தளாயில் இருந்து வருகிற சிங்களப் பொடியன், என் வீட்டுக் கதை ஒன்றும் அவனுக்குத் தெரியாது. என் சிங்களம் ஸ்பானர், டீசல், தேத்தண்ணி, நாளைக்கு லீவு என்பதோடு கரை தட்டிவிடும். அவன் தமிழ் என் சிங்களத்தைவிடப் பரவாயில்லை.

"நீ வீட்டில போடுற பாட்டு ஒண்டு தா. அமைதியா இருக்கவேணும். காதல் தோல்வி, சாவு ஒண்டும் வேண்டாம்."

"இல்லை இல்லை, இது நல்ல பாட்டு ரஜீவன் ஐயா. எங்கட வீட்டில டெய்லி போடுறது. கேட்டா நித்திரை வரும்."

சாப்பாட்டு நேரத்துக்கு நல்லது என்று அதைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்தேன். கீர்த்தனி அரசாங்க மொழிப் பரீட்சைக்காகச் சிங்களம் படித்துச் சித்தியடைந்தவள் என்பது நினைவில் இருந்தது. ஆனால் அது கடிதச் சிங்களம், 'தங்கள் இன்ன திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது' என்கிற வகை, பாட்டுக்கு அது போதாது என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டுவதில் நான் என்றைக்கும் கெட்டிக்காரன்.

பாட்டு வரிசையை நிப்றாஸுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளிக்கிழமை போன் எடுத்து என் சட்டதிட்டங்களைச் சொன்னேன். தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாது. எப்படி இருக்கிறீர்கள் என்று இழுத்துக் கேட்கக் கூடாது. நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கக் கூடாது. அவன் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டான். பிறகு சுஹைரா போனை வாங்கினார்.

"ரஜீவண்ணன், ஒண்டுமே கேக்கக் கூடாதா?"

"கூடாது தங்கச்சி. தயவு செய்து."

"சரி, நீங்க சொன்னாச் சரி" என்றார்.

நான் மட்டும் இப்படி நடந்துகொள்ளவில்லை, எல்லோரும் அப்படித்தான். சாம்பல்தீவில் இருந்து வந்த என் மாமியார், வாங்கி வைத்திருந்த குட்டிச் சட்டைகளை ஒரு பையில் அடைத்து, கீர்த்தனி ஆஸ்பத்திரியில் இருந்து வருவதற்கு முன்பே கொண்டுபோய்விட்டார். எங்கள் ஆட்களில் பெரியவர் ஒருவர் செத்தால் பந்தல் போடுவோம், வீதியெல்லாம் வெள்ளைக் கொடி கட்டுவோம், ஊரே வந்து கதிரையில் இருந்து துக்கம் விசாரிக்கும். எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் என்று செத்தவரைப் பற்றிக் கதைப்பதற்கென்றே நாள் இருக்கிறது. பிறக்காமல் போன பிள்ளைக்கு இது ஒன்றும் இல்லை. ஆம்பிளைகள் இரண்டு பேர் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து தலை முழுகினால் முடிந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். மற்றவர் கீர்த்தனியின் மாமா. திரும்பி வரும்போது அவர் என் தோளைத் தட்டி, "இனி இதைப் பத்தி அவளோட கதைக்கப்படாது, என்ன" என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை பொழுது பட்டதும் வான் வந்து நின்றது. கீர்த்தனி பச்சைச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். படலையில் அவள் கை கொஞ்சம் தாமதித்ததைக் கண்டேன். உடனே நிப்றாஸுக்குக் கண்ணைக் காட்டினேன், அவன் பாட்டைப் போட்டான். அவள் வந்து சுஹைராவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் முன்னுக்கு இருந்தேன்.

சும்மா சொல்லக் கூடாது, பாட்டுகள் நன்றாகத்தான் ஓடின. பிலிப்பைன்ஸ்காரர் உருகி உருகிப் பாடினார். இந்தியில் ஒருவர் யாரையோ கெஞ்சினார். கீர்த்தனி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சுஹைரா வாக்குக் கொடுத்தபடி வாய் திறக்கவில்லை, மிக்சர் பைக்கற்றை மட்டும் உடைத்து நீட்டினார். சீனக்குடா தாண்டும்போது கபரிஞ்ஞா தொடங்கியது. நிப்றாஸ் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான், சுஹைராவின் வளையல் சத்தம் கேட்டது. அப்போது பின்னால் இருந்து கீர்த்தனி கேட்டாள்.

"இது என்ன பாஷை?"

"பறங்கியரின்ர பாஷை. றொசைரோ தந்தவர்."

"நல்லா இருக்கு."

எனக்கு வானை நிறுத்தி இறங்கி ஆட வேண்டும் போல இருந்தது. அடுத்தது துருக்கிப் பாட்டு. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இவர் என்ன, மூக்கடைச்சுத் தடிமனோட பாடுறாரோ?" என்றாள். சுஹைரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கீர்த்தனியும் ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். அதை நான் எத்தனை மாதமாகப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

பாலம் தாண்டி, கடையில் புரியாணிப் பார்சல்களை எடுத்துக்கொண்டு, கடற்கரையில் பாய் விரித்தோம். எங்களைப் போலவே அங்கங்கே குடும்பங்கள் இருந்தன. குடாவுக்கு அந்தப் பக்கம் துறைமுக வெளிச்சங்கள் தெரிந்தன. வானின் கதவைத் திறந்து வைத்துப் பாட்டை ஓடவிட்டு, பார்சலைப் பிரித்தோம். நாலு வாய் சாப்பிட்டிருக்க மாட்டோம், பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

நிப்றாஸ் எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினான். சுஹைரா முக்காட்டைச் சரி செய்துகொண்டார். சுற்றிலும் இருந்த எல்லோரும் பேச்சைக் குறைத்தார்கள்.

பிறந்ததில் இருந்து இந்த ஊரில் இருக்கிறேன். பாங்கு சொன்னால் பாட்டு நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா? கப்பல் கப்பலாக ஏறிப் பாட்டுச் சேர்த்தவன் இதை யோசிக்கவில்லை. இடைவெளி விடக் கூடாது என்ற பின்னேரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய ஓர் இடைவெளி. கீர்த்தனி சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். சற்றுமுன் சிரித்த முகம் மறுபடி வீட்டில் இருக்கிற முகமாக மாறிக்கொண்டிருந்தது.

"தொழுதிட்டு வந்திடுறன், நீங்க திண்டுகொண்டு இரிங்க" என்று நிப்றாஸ் கை கழுவிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்தான். வானின் திறப்புச் சாவியும் அவன் சட்டைப்பையில் போய்விட்டது. பாங்கு முடிந்ததும் நான் அவசரம் அவசரமாக என் போனை எடுத்து, நின்ற இடத்துக்கு அடுத்த பாட்டைத் தட்டிவிட்டுப் பாயின் நடுவில் வைத்தேன். சமீர தந்த பாட்டு. ஒரு பெண் குரல், கூடவே ஒரு புல்லாங்குழல். நித்திரை வரும் என்று அவன் சொன்னது சரிதான், அவ்வளவு அமைதி. நான் நிம்மதியாக ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டேன்.

கீர்த்தனியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"இது ஆர் தந்த பாட்டு?"

"லோஞ்சில வேலை செய்யிற சமீர. ஏன்?"

"அவனுக்குக் கைக்குழந்தை இருக்கோ?"

இருக்கிறது. ஆறு மாதமோ ஏழு மாதமோ, படம்கூடக் காட்டியிருக்கிறான். அவள் என்னைப் பார்க்காமல், போனையே பார்த்துக்கொண்டு, மொழிப் பரீட்சையில் வாசிக்கச் சொன்னதைப் போல வரிவரியாகச் சொல்லத் தொடங்கினாள்.

"மீன்பிடிக்கப் போன மாமா வலையைப் போட்டிட்டார். கரையில கட்டின வள்ளமும் படுத்திட்டுது. நீ மட்டும் ஏன் முழிச்சிருக்கிறாய்? விடிஞ்சா உன்ர கையில ஒரு சங்கு தருவன். இப்ப அம்மாவின்ர நெஞ்சில படு."

தமிழில் இருந்த ஒவ்வொரு தாலாட்டையும் தேடித் தேடிக் கழித்துவிட்டு, சிங்களத்தில் ஒன்றைக் கையோடு கொண்டு வந்து சாப்பாட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. போனைப் பறிக்கப் போனேன். அவள் எச்சில் கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கோ. முடியட்டும்."

பாட்டு முடியும் வரை மூன்று பேரும் அசையவில்லை. அடுத்த பாட்டுத் தொடங்கும் முன்பு அவளே போனைக் குப்புறக் கவிழ்த்து அணைத்தாள். அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. எழுந்து வீட்டுக்குப் போவோம் என்பாள், திங்கட்கிழமையும் போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது சுஹைரா கேட்டார்.

"கீர்த்தனி, புள்ளைக்கு என்ன பேர் வச்சீங்க?"

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "தங்கச்சி, நான் உங்களிட்டைச் சொன்னனான்தானே" என்றேன். குரல் கூடித்தான் போயிற்று, பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுஹைரா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"எங்கட ஆக்கள்ல, வயித்தில நாலு மாசம் தாண்டிட்டா, புள்ள எப்பிடிப் பிறந்தாலும் பேர் வைப்பம். பேர் வச்சு, குளிப்பாட்டி, கபன் துணி இட்டுத்தான் அடக்குவம். அதால கேட்டன். எனக்கும் முதல் புள்ள அப்பிடித்தான் கீர்த்தனி. ஏழு மாசத்தில. யூசுப் எண்டு பேர்."

நிப்றாஸுக்கு மூத்தது ஹஸ்மி என்றுதான் நான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். இடையில் ஏதோ ஒன்று தவறிப் போனது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நண்பன் மனம் நோகும் என்று கேட்காமல் விட்டதாக எனக்கு நானே பெருமையும் பட்டிருக்கிறேன்.

"ஆக்கள் கேட்டா என்ன சொல்லுவீங்கள்?" என்று கீர்த்தனி கேட்டாள். "எத்தின பிள்ளை எண்டு கேட்டா?"

"மூணு எண்டு சொல்லுவன். யூசுப், ஹஸ்மி, ஸஹ்ரா. யூசுப் எங்க எண்டு கேட்டா, அல்லாஹ்ட்ட இரிக்கான் எண்டு சொல்லுவன். கேட்டவங்க ஒரு நிமிசம் சங்கடப்படுவாங்க. படட்டும். நான் ஏன் என்ட புள்ளைய ஒளிக்கணும்?"

கீர்த்தனி தலையைக் குனிந்துகொண்டு பாயின் ஓரத்தை நோண்டினாள். பிறகு, என்னிடம் சொல்வதா சுஹைராவிடம் சொல்வதா என்று தெரியாத மாதிரி, எங்கள் இருவருக்கும் நடுவில் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஆரணி. பிறக்க முன்னம் பேர் நினைக்கப்படாது எண்டு அம்மா சொன்னவ. நான் ஆறாம் மாசமே வச்சிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்ல. வயித்தில தட்டித் தட்டிக் கூப்பிட்டனான். அவவும் உதைப்பா."

என் மகளின் பெயரை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"ஆரணி" என்று சுஹைரா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "வடிவான பேர்."

"கன்ரீனில கேட்டா, ஆரணி எண்டு ஒரு மகள், பிறக்க முன்னம் செத்திட்டா எண்டு சொல்லலாமோ?"

"ஏன் சொல்ல ஏலா? நான் சொல்றன்தானே."

கீர்த்தனி தலையை நிமிர்த்தினாள். "அப்ப போகலாம்" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. திங்கட்கிழமையைத்தான் சொல்கிறாள் என்று விளங்கியது. நான் கிழமை முழுக்கப் பாடுபட்டுக் காத்திருந்த சொல் அதுதான். ஆனால் அதற்குச் சந்தோசப்பட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அவள் முழுதாக என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நீங்கள் பார்த்தனீங்கள்தானே."

நான் பார்சல் தாளை மடிக்கத் தொடங்கினேன்.

"எனக்கு மயக்கம் தெளிய முன்னம் கொண்டு போயிட்டீங்கள். எனக்குக் காட்ட வேண்டாம் எண்டு அம்மாவும் மாமாவும் சொன்னவை, அது தெரியும். உங்களில கோவம் இல்லை. ஆனா நான் ஒவ்வொரு நாளும் உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். இவர் பார்த்தவர், இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு. நீங்கள் ரீவியைப் போடுறீங்கள். ரேடியோவைப் போடுறீங்கள். இண்டைக்கு உலகத்தில உள்ள பாட்டெல்லாம் கொண்டந்து போடுறீங்கள்."

நான் அவளுக்காகத்தான் பாட்டுச் சேர்த்தேன் என்று அந்த நிமிடம் வரை சத்தியமாக நம்பியிருந்தேன். அவள் கேட்டுவிடாமல் இருக்கவும்தான் சேர்த்தேன் என்பது அப்போது விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக, மாதக்கணக்காக நான் அடக்கி வைத்திருந்த ஒன்று கிளம்பியது.

"மடியில வச்சுத்தான் கொண்டு போனனான்" என்றேன். "மாமா தன்னட்டைத் தரச் சொல்லிக் கேட்டவர். நான் குடுக்கேல்ல. வெள்ளைத் துணியில சுத்தியிருந்தது. பாரம் இருந்தது. அவ்வளவு பாரம் இருக்கும் எண்டு நான் நினைக்கேல்ல."

"முகம்?"

"முகத்தைத் திறந்து பாத்தனான். தலைமயிர் நிறைய. நல்ல கறுப்பு. இந்த நெத்தி வரைக்கும் இறங்கிக் கிடந்தது. காது உம்மட காது. மேல் நுனி மடிஞ்சு, அப்பிடியே உம்மட." என் விரலால் அவள் காதைத் தொட்டுக் காட்டினேன். "நிறம் என்ர. மூக்கு ஆரின்ர எண்டு தெரியேல்ல, சின்ன மூக்கு. மற்றது நெத்தியைச் சுருக்கிக்கொண்டு கிடந்தவ. ஆரோ நித்திரையைக் குழப்பிப் போட்டினம் எண்டு கோவிச்ச மாதிரி."

கீர்த்தனி என்னை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப உங்கட பிள்ளைதான்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள். நானும் அழுதேன், நடுக் கடற்கரையில், புரியாணிக் கையோடு, பக்கத்துப் பாய்க்காரர் பார்க்கிறார்களா என்று ஒருமுறைகூடத் திரும்பாமல். சுஹைரா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையைக் கழுவிவிட்டார், பிறகு அவள் கையை.

தொழுதுவிட்டு வந்த நிப்றாஸ் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டு நின்றுவிட்டான். என் சட்டதிட்டங்கள் அவன் முகத்தில் வரிசையாக ஓடின. "என்ன மச்சான், பாட்டு நிண்டு போச்சா? இரி, நான் போடுறன்" என்று திறப்பை எடுத்துக்கொண்டு வான் பக்கம் ஓடப் பார்த்தான்.

"வேண்டாம் நிப்றாஸ் அண்ணை" என்றாள் கீர்த்தனி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீங்களும் வந்து இருங்கோ. இவர் எங்கட மகளைப் பத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

அவன் என்னைப் பார்த்தான். நான் பாயில் கொஞ்சம் தள்ளி இடம் விட்டேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கீர்த்தனி இன்னும் கிட்ட வந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கை எப்பிடி? அவவின்ர விரலைப் பத்தி நீங்கள் ஒண்டும் சொல்லேல்ல."

நான் சொல்லத் தொடங்கினேன்.